ஆய்விதழில் வராத ஆவணங்கள்: எங்கே தேடினால் கிடைக்கும், எங்கே தேடினால் நேரம்தான் போகும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில், மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது, 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் நிலைமை எப்படி மாறியிருக்கிறது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஸ்கோபஸ், பப்மெட் என்று ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் மட்டும் தேடினால் விஷயத்தின் ஒரு பகுதிதான் கைக்கு வரும். கிணறு வாரியான அளவீடுகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் கிடக்கின்றன. எத்தனை குடியிருப்புகள் பாதிக்கப்பட்டவை என்ற கணக்கு நாடாளுமன்றக் கேள்வி பதிலின் இணைப்பில் இருக்கும். திட்டத்துக்கான காரணத்தையும் எதிர்பார்த்த பலனையும் கடன் கொடுத்த ஜப்பானிய அமைப்பான ஜைக்காவின் மதிப்பீட்டு அறிக்கையில் பார்க்கலாம். வணிகப் பதிப்பகங்களின் வழியாக வராத இத்தகைய ஆவணங்களைத்தான் சாம்பல் இலக்கியம் என்கிறார்கள்.

இவற்றைத் தேட ஐந்தாறு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் சம அளவில் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தகவல் உரிமைச் சட்ட மனுவை முதல் வாரமே போட்டுவிடுங்கள், அதன் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் பெரும்பங்கை ஆய்வேடுகளுக்கும் துறைகளின் சொந்தத் தளங்களுக்கும் கொடுங்கள், கூகுளைக் கடைசியில், விடுபட்டது எது என்று சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு மருத்துவத்தில் ஒரு பழைய உதாரணம் உண்டு. மனச்சோர்வு மருந்துகள் 12-ஐப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை, ஆய்விதழ்களில் வெளியானவற்றுடன் 2008-இல் ஒப்பிட்டார்கள். சாதகமான முடிவு என்று அந்த அமைப்பு கருதிய 38-இல் 37 வெளியாகியிருந்தன. மீதி 36-இல் 22 வெளிவரவே இல்லை; 11 சாதகமானவை போன்ற தொனியில் எழுதப்பட்டிருந்தன; மூன்று மட்டுமே உள்ளபடி வந்தன. ஆய்விதழை மட்டும் படித்தவருக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றுதான் தோன்றியிருக்கும். நீர்த்தர ஆய்விலும் இந்தச் சாய்வு வேறு வடிவில் வரும். ஃபுளோரைடு அதிகமாக இருந்த கிராமம் கட்டுரையாகும். ஒன்றும் அதிகமில்லாத கிராமத்தின் அளவீடு ஆய்வக ஏட்டோடு நின்றுவிடும்.

கூகுள்: வேகம் உண்டு, முழுமை இல்லை

கூகுளின் பலம் தளத்துக்குள் தேடும் வசதி. 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் இட்டு, உடனே முக்காற்புள்ளி, அதையடுத்து இடைவெளி விடாமல் தளத்தின் முகவரி, பிறகு தேடுசொல். 'ஃபைல்டைப்' கட்டளையை அதே முறையில் சேர்த்துக் கோப்பு வகையைப் பிடிஎஃப் என்று குறுக்கிக்கொள்ளலாம். இடையில் ஓர் இடைவெளி விழுந்தால் கட்டளை வெறும் சொல்லாகிவிடும்.

சிக்கல் இரண்டு. மாவட்ட நிர்வாகத் தளங்கள் பலவும் தேசியத் தகவலியல் மையத்தின் ஒரே பொதுக் கட்டமைப்பில் ஓடுகின்றன. முகப்புப் பக்கம் மாவட்டத்தின் முகவரியில் இருக்கும். பிடிஎஃப் கோப்புகளோ வேறொரு பொது முகவரியின் கீழ், புரியாத நீண்ட எழுத்து வரிசைக்குள் இருக்கும். மாவட்ட முகவரிக்குள் மட்டும் தேடச் சொன்னால் அந்தக் கோப்புகள் வரவே வராது. ஏதாவதொரு பிடிஎஃப் இணைப்பின் மேல் சுட்டியை வைத்து அதன் முகவரியைப் பார்த்துக்கொண்டு, அந்த முகவரிக்குள்ளும் தனியாகத் தேட வேண்டும்.

இரண்டாவது, எழுத்துக்கோவை. தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலும் இந்த இரட்டை வடிவம் உண்டு. ஃபுளோரைடு என்ற சொல்லில் 'ஓ', 'யூ' எழுத்துகள் இடம் மாறிய பிழையான வடிவம் அரசு ஆவணங்களில் சர்வ சாதாரணம். பிழையான எழுத்துக்கோவையையும் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தனியாகத் தேடுங்கள்; சரியான வடிவம் தராத ஆவணங்கள் அதில் வரும்.

எத்தனை முடிவுகள் வரை பார்ப்பது என்பதைத் தேடும் முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள். ஒரு தேடலுக்கு முதல் 100 என்றால் 100. கூகுள் காட்டும் 'சுமார் இத்தனை ஆயிரம்' என்ற எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். அது மதிப்பீடுதான், கடைசிப் பக்கம் வரை போனால் சில நூறோடு பட்டியல் முடிந்துவிடும். கூகுள் ஸ்காலரும் 1,000-க்கு மேல் காட்டாது. கணக்கிலிருந்து வெளியேறி, தனிச் சாளரத்தில் தேடுவது நல்லது. அப்படிச் செய்தாலும் இதே தேடலை அடுத்த மாதம் இன்னொருவர் செய்தால் இதே பட்டியல் வரும் என்று சொல்ல முடியாது. ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் வரையறுத்த முறைப்படி தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வில் கூகுளை முதன்மை மூலமாகக் காட்டத் தயங்க வேண்டியது இதனால்தான்.

ஆய்வேட்டுக் களஞ்சியங்கள்: உழைப்பு கேட்கும், பலன் தரும்

ஃபுளோரைடு கேள்விக்கு அதிகப் பலன் இங்கேதான். காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் நடத்தும் சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டுகிறது. 2009-இன் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் மின்வடிவப் பிரதியைக் கேட்ட பிறகு தொகை பெருகியது. தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் தனிக் களஞ்சியம் இருக்கிறது. எம்டி, எம்டிஎஸ் ஆய்வேடுகள் அங்கே கிடைக்கும். வேளாண் பல்கலைக்கழகங்களுக்குக் கிருஷிகோஷ். மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சோத்கங்காவின் தேடல் பெட்டியை நம்பி உட்கார்ந்தால் பாதி தப்பிவிடும். குறிச்சொற்கள் பதிவேற்றுபவரின் விருப்பப்படி நிரப்பப்படுகின்றன. நீர்த்தரம் பற்றிய ஆய்வேட்டுக்கு 'புவியியல்' என்ற ஒற்றைக் குறிச்சொல் மட்டும் இருப்பதும் உண்டு. பல்கலைக்கழகம், பிறகு துறை என்று இறங்கித் தலைப்புப் பட்டியலைக் கண்ணால் ஓட்டுவதே உறுதியான முறை. நம் கேள்விக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் மூன்றிலும் புவியியல், நிலவியல், வேதியியல், சுற்றுச்சூழல், குடிசார் பொறியியல் துறைகளைப் பார்த்தால் போதும். இரண்டு நாள் வேலை.

ஆய்வேடு ஒரே கோப்பாக இருக்காது. இயல் இயலாக உடைத்து வைத்திருப்பார்கள். முன்னுரையையும் முடிவுரையையும் இறக்கிவிட்டு நகர்பவர்கள் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள். கிணறுகளின் அட்டவணை, அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், மாதிரி எடுத்த மாதம் எல்லாம் பெரும்பாலும் பின்னிணைப்பிலோ மூன்றாம், நான்காம் இயலிலோ இருக்கும். களஞ்சியம் காட்டும் ஆண்டு பதிவேற்றிய ஆண்டாகவும் இருக்கலாம். மாதிரி எடுத்தது அதற்கு நாலைந்து வருடம் முன்பே நடந்திருக்கும். ஒகேனக்கல் திட்டத்துக்கு முன், பின் என்று பிரிக்க வேண்டிய நம் கேள்வியில் இந்தப் பிழை முடிவையே மாற்றிவிடும். ஆய்வேட்டின் ஆண்டை ஒரு நிரலிலும், மாதிரி எடுத்த மாதம் ஆண்டை இன்னொரு நிரலிலும் எழுதுங்கள்.

மாவட்ட எல்லையையும் கவனியுங்கள். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆவணம் 'தருமபுரி மாவட்டம்' என்றால் அதில் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் உண்டு. மாவட்டச் சராசரியை அப்படியே 2010-உடன் ஒப்பிட்டால் வெவ்வேறு நிலப்பரப்பை ஒப்பிடுகிறோம் என்று பொருள். ஒன்றிய வாரியாகப் பிரித்துத் திரும்பக் கூட்ட வேண்டும்.

ஆய்வேட்டின் எண்களை நம்பலாமா? வழிகாட்டியும் தேர்வாளரும் பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. நீர் வேதியியலில் இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கம். பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட் மறுபக்கம். எல்லாவற்றையும் மில்லி ஈக்குவலன்ட் (அயனிகளின் மின்னூட்டத்தைக் கணக்கில் கொள்ளும் அலகு) கணக்குக்கு மாற்றி, இரு பக்கங்களின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10-ஐத் தாண்டினால் அந்த மாதிரியை ஒதுக்குங்கள். எல்லா மாதிரிகளிலும் வேறுபாடு சரியாகச் சுழி என்று வந்தாலும் சந்தேகப்படுங்கள்: சோடியத்தை அளக்காமல், மீதியைக் கழித்துப் போட்டிருக்கலாம்.

இன்னொரு சோதனை கால்சியம். கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்த ஃபுளோரைட் கனிமத்தின் கரைதிறன் எல்லை காரணமாக, ஃபுளோரைடு அதிகமுள்ள நீரில் கால்சியம் வழக்கமாகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கால்சியமும் 8 மில்லிகிராம் ஃபுளோரைடும் ஒரே கிணற்றில் என்றால், ஏதோ ஒன்று தவறு. அளந்த முறையையும் பாருங்கள். அயனித் தேர்வு மின்வாயால் அளந்ததும் நிறமானி முறையில் அளந்ததும் காரத்தன்மை மிகுந்த நீரில் ஒத்துப்போகாமல் போகலாம்.

பல் மருத்துவ ஆய்வேடுகளில் இதே கவனம், ஃபுளோரைடால் பல்லில் வரும் பாதிப்பைத் தரம் பிரிக்கும் குறியீட்டு எண்ணில் தேவை. டீன் குறியீட்டில் தரம் பிரித்ததையும் தைல்ஸ்ட்ரப்-ஃபெயர்ஸ்கோவ் குறியீட்டில் பிரித்ததையும் ஒரே அட்டவணையில் கூட்ட முடியாது. 'பாதிப்பு உண்டு, இல்லை' என்ற அளவில் மட்டும் சேர்க்கலாம். டீனின் 'ஐயத்துக்குரியது' என்ற வகுப்பை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று பார்த்துவிட்டு.

துறைகளின் தளம், நாடாளுமன்றம், கடன் கொடுத்தவர்

மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாவட்டக் கையேடுகளும் ஆண்டு நூல்களும் நீர்த்தாங்கி வரைபட அறிக்கைகளும் வெளியிடுகிறது. பரப்பு அதிகம், விவரம் குறைவு. தரத்துக்கான மாதிரியை வழக்கமாகக் கோடையில், பருவமழைக்கு முன் எடுக்கிறார்கள். கண்காணிப்புக் கிணறுகளில் திறந்த கிணறுகள் பல. மக்கள் குடித்ததோ ஆழ்துளைக் கிணற்று நீர். இந்த வட்டாரம் போன்ற கடினப் பாறைப் பகுதியில் ஆழம் கூடும்போது ஃபுளோரைடு கூடுவது வழக்கம் என்பதால், வாரியத்தின் எண்ணை வைத்து 'மக்கள் குடித்த அளவு' என்று எழுதினால் குறைத்துச் சொன்னதாகலாம்.

மாநில அரசில் தேட வேண்டியது துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கையோடு ஒவ்வோர் ஆண்டும் பேரவையில் வைக்கப்படுவதால் ஆண்டு வரிசை பெரும்பாலும் விடுபடாமல் கிடைக்கும். குடிநீருக்கு நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் குறிப்பு. பழைய தமிழ்ப் பிரதிகளில் ஒரு தொல்லை: யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார்கள். திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் ஒன்றும் வராது, நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை விழும். ஆங்கிலப் பிரதி இருந்தால் அதில் தேடிப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டுத் தமிழ்ப் பிரதியில் அதே பத்தியைப் படிப்பது சுலபம். இல்லையென்றால் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டுப் பாருங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் பக்கங்களைப் படமாக்கித் தமிழ் எழுத்துணரியில் ஓட்ட வேண்டும்.

மக்களவை, மாநிலங்களவைக் கேள்வி பதில்களை ஆய்வாளர்கள் ஏனோ குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். நட்சத்திரக் குறியில்லாத (எழுத்தில் மட்டும் பதில் தரப்படும்) கேள்விகளின் பதில் இணைப்புகளில் மாநில வாரியாக, சில சமயம் மாவட்ட வாரியாகவே, ஃபுளோரைடு பாதித்த குடியிருப்புகளின் எண்ணிக்கை வருகிறது. 'இந்தத் தேதி நிலவரப்படி' என்ற வரியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை சரிவது நீர் நல்லதானதைக் காட்டாது. குழாய் நீரோ சுத்திகரிப்பு நிலையமோ வந்த குடியிருப்பு பட்டியலிலிருந்து நீங்குகிறது, அவ்வளவே. மத்திய அரசின் குழாய்க் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் மிஷனின் இணையப் பலகையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதைவிடத் தேதியிட்ட நாடாளுமன்றப் பதில் மேற்கோளுக்கு ஏற்றது.

ஜைக்கா போன்ற கடன் கொடுத்த அமைப்பு திட்டத்துக்கு முன் ஒரு மதிப்பீடும், பணி முடிந்து சில ஆண்டு கழித்து ஒரு மதிப்பீடும் வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முன் மதிப்பீட்டில் எந்த அளவுகோல்களை இலக்காக வைத்தார்களோ, பின் மதிப்பீட்டில் அவற்றில் எது சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தன் பணத்தில் நடந்ததைத் தானே அளக்கிறது என்பதை மனதில் வைத்து, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோடு ஒத்துப் பாருங்கள். ஊரகக் குடிநீர்த் திட்டம் பற்றிய 2018-இன் 15-ஆம் அறிக்கை அதற்கு உதவும்.

தகவல் உரிமைச் சட்டம்: மலிவு, ஆனால் மெதுவு

மனுக் கட்டணம் 10 ரூபாய். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதை முடிக்க 30 முதல் 45 நாள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் வரம்பு இல்லை. ஆகவே மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய ஆய்வுக்கு இது முதல் வாரத்தில் போட வேண்டிய மனு. இரண்டாம் மாதம் நினைவு வந்து போட்டால் ஆய்வேடு சமர்ப்பித்தபின் கவர் வரும்.

மனு தோற்பது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பால். 'ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?' என்று கேட்டால் நாலு வரி பொதுப்பதில் வரும், அது சட்டப்படி சரியும்கூட. அலுவலகத்தில் இருக்கும் பதிவேட்டைக் கேளுங்கள். இப்படி: 'தருமபுரி மாவட்ட நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் 1.1.2012 முதல் 31.12.2014 வரை சோதிக்கப்பட்ட மாதிரிகளின் பதிவேட்டு நகல். மாதிரி எடுத்த தேதி, ஊராட்சி, குடியிருப்பு, நீராதாரத்தின் வகை, ஃபுளோரைடு அளவு ஆகிய நிரல்கள் மட்டும்.' மின்கோப்பாக இருந்தால் அந்த வடிவிலேயே தரக் கேளுங்கள். பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று தெரிந்தால் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது புத்திசாலித்தனம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. தேவையான பக்கங்களைக் குறித்துக்கொடுத்து அவற்றுக்கு மட்டும் பணம் கட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, 6(2) பிரிவு அதைக் கேட்க விடாது. இலங்கையில் இதே வழி 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உண்டு.

கட்டணத் தளங்களும் உரையாடும் செயலிகளும்

ஓவர்டன் கொள்கை ஆவணங்களையும், புரோகுவெஸ்ட் ஆய்வேடுகளையும் திரட்டி விற்கின்றன. பல நாடுகளை ஒப்பிடும் ஆய்வுக்கு மதிப்பு உண்டு. இரண்டு மாவட்டக் கேள்விக்கு நூலகத்தில் ஏற்கெனவே இருந்தால் ஒரு மணி நேரம் பாருங்கள். இதற்காக வாங்கச் சொல்லாதீர்கள். 2025-இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் ஆய்விதழ்களுக்கானது, இந்தச் சிக்கலை அது தீர்க்காது.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'தருமபுரி ஃபுளோரைடு அறிக்கைகள் பட்டியல் கொடு' என்றால் நம்பும்படியான தலைப்பு, நம்பும்படியான ஆண்டோடு இல்லாத அறிக்கை வரும். தேடுசொற்களை யோசிக்க உதவும். பிடிஎஃப் கையில் இல்லாத எதையும் அந்தப் பட்டியலிலிருந்து மேற்கோள் காட்டாதீர்கள்.

எண் எங்கிருந்து வந்தது

சாம்பல் இலக்கியத்தில் ஆபத்தான பிழை, ஒரே எண் கைமாறிக் கைமாறி வருவது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை, இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்றது. ஆதாரம் ஒரு தன்னார்வ அமைப்பின் 2005 அறிக்கை. அதன் ஆதாரமோ 1999-இன் ஓர் அறிவியல் இதழ்ச் செய்தி. அளந்து பார்த்த ஆய்வு எங்குமே இல்லை. 2010 ஜனவரியில் ஐபிசிசி வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. நம் துறையில் 'இந்தியாவில் 6.2 கோடிப் பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள்' என்ற எண்ணுக்கு 1990-களின் இறுதி வயது. புதிய ஆய்வேடுகளின் முதல் பக்கத்திலும் அது நிகழ்காலத்தில் வருகிறது. எந்த எண்ணையும் அளந்தவரைப் போய்ச் சேரும் வரை பின்னோக்கிப் போங்கள். சங்கிலி நடுவில் அறுந்தால் அந்த எண்ணை எடுக்காதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-இல் உருவான ஆகோட்ஸ் சரிபார்ப்புப் பட்டியல் இதற்குக் கைகொடுக்கும். எழுதியவரின் தகுதி, துல்லியம், எல்லை, சார்பு, தேதி, முக்கியத்துவம் என்று ஆறு தலைப்பு. மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டாம். சார்பில் தோற்ற அறிக்கை துல்லியத்தில் முழு மதிப்பெண் வாங்கித் தப்பிவிடும்.

கண்டதும் சேமியுங்கள்

ஐரோப்பாவின் பெரிய சாம்பல் இலக்கியத் தளமான ஓப்பன்கிரே சேவையே நிறுத்தப்பட்டு, அதன் பதிவுகள் நெதர்லாந்துக் காப்பகத்துக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் ஆய்வேட்டுத் தளம் 2023 அக்டோபர் இணையத் தாக்குதலில் நெடுநாள் முடங்கியது. அரசுத் தளம் புதுப்பொலிவு பெறும் நாளில் பழைய இணைப்புகள் எல்லாம் செத்துவிடும். ஆகவே இணைப்பைக் குறித்துக்கொள்வது சேமிப்பு ஆகாது. கோப்பை இறக்கி, 'நிறுவனம்-ஆண்டு-தலைப்பு-இறக்கிய தேதி' என்று பெயரிட்டு, அதே நிமிடம் இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியையும் பதிவு செய்து, காப்பக முகவரியைப் பட்டியலில் ஒட்டுங்கள்.

தேடிய தளம், தேடிய சொற்றொடர் எழுத்துப் பிசகாமல், தேதி, பார்த்த எண்ணிக்கை, எடுத்த எண்ணிக்கை, ஒதுக்கிய காரணம் என்று ஆறு நிரல் விரிதாள் முதல் நாளே தொடங்கட்டும். முறைசார் மீளாய்வுகளில் எத்தனை ஆவணங்கள் கிடைத்தன, எத்தனை ஒதுக்கப்பட்டன என்று காட்டும் பிரிஸ்மா 2020 வரைபடத்தில் தரவுத்தளங்களுக்கு வெளியே கிடைத்தவற்றுக்கு வலப்பக்கம் தனிப் பாதை இருக்கிறது. அதன் பெட்டிகள் இந்த விரிதாளிலிருந்துதான் நிரம்பும். பின்னால் நினைவிலிருந்து எழுதினால் எண்கள் பொருந்திவராது.

ஆண்டு அச்சிடாத ஆவணங்கள் நிறைய வரும். பிடிஎஃப் பண்புகளில் தெரியும் உருவாக்கத் தேதியை வெளியீட்டு ஆண்டாக எழுதிவிடாதீர்கள்; அது பழைய அறிக்கையை ஸ்கேன் செய்த நாளாக இருக்கலாம். உள்ளே வரும் கடைசி ஆண்டின் தரவையோ, அட்டைக் கடிதத்தின் தேதியையோ பார்த்து 'இந்த ஆண்டுக்குப் பின்' என்று குறியுங்கள். அதுவும் இல்லாவிட்டால் 'ஆண்டு இல்லை' என்று எழுதி, பார்த்த தேதியையும் பக்க எண்ணையும் கட்டாயம் சேருங்கள்.